தைரியம் கேட்டவர்

மூப்பர் ஜெபிக்க ஆரம்பித்தால் அந்த வீட்டில் கடிகாரம்கூட அடக்கி வாசிக்கும். சபையில் மூப்பர் பதவி, பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர் வேலை. இரண்டும் சேர்ந்து அவருடைய ஜெபத்துக்கு ஒரு கோப்பின் ஒழுங்கைக் கொடுத்திருந்தன. யார், எப்போது, என்ன தப்பு செய்தார், யாருடைய தயவால் திருந்தினார் என்று தேதி வாரியாக வரும். காலை ஆறரைக்கு முன்னறையில் எல்லோரும் முழங்கால் போட்டாக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். ஜெபம் மட்டும் இருபது நிமிடம். அதற்குள் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் மீறியவர்களும் இல்லை.

அந்தக் கோப்பின் முதல் பக்கம் மூன்று வருடமாக மூப்பருடைய தம்பிக்குத்தான். தம்பி லிப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். குடியில் வேலை போய், மனைவி போய், கடைசியில் பல்லும் இரண்டு போய், அண்ணன் வாசலில் வந்து விழுந்த ஆள். அண்ணன்தான் அள்ளிச் சேர்த்தார், அதை இல்லை என்று சொன்னால் பாவம். ஆஸ்பத்திரிக்கு அலைந்தார், வாந்தியைக் கழுவினார், யார் யார் காலிலோ விழுந்து பழைய தொழிலிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தம்பி ஒரு சொட்டுத் தொடவில்லை. அண்ணனும் ஒரு நாள் விடவில்லை. "சாக்கடையில் கிடந்த இந்தத் தம்பியை உமது கரம் நீட்டித் தூக்கினீரே" என்று தினமும் காலையில் ஆண்டவருக்கு ஞாபகப்படுத்துவார், ஆண்டவர் ஏதோ மறதிக்காரர் மாதிரி. தம்பி ஆமென் சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்.

லிப்ட்காரருக்கென்று சொந்தமாக ஒரு ஜெபம் கிடைத்தது அந்த முன்னறையில் இல்லை. லிப்டுக்கு அடியில் இருக்கும் குழியில். அடுக்குமாடிகளில் தரைத்தளத்துக்கும் கீழே ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். கூண்டை மேலே அனுப்பிவிட்டு, வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே கையை விட்டு நிறுத்துகிற சுவிட்சை அமுக்கிவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும். அந்தச் சுவிட்சை மறந்தவர்கள் சிலர் மேலே வரவில்லை. நடுங்குகிற கையோடு முதல் மாதம் அங்கே இறங்கியபோது, அமுக்கினோமா இல்லையா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, தன்னை அறியாமல் "ஆண்டவரே, பத்திரமா மேல ஏத்தி விட்டுடும்" என்று சொன்னார். அவ்வளவுதான். அலங்காரம் இல்லை, தேதி இல்லை. ஆனால் சொன்ன பிறகு கை நின்றது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. எண்ணெய் பிசுபிசுக்கும் குழியில், மேலே இருந்து விழுந்த பொத்தானும் பஸ் டிக்கெட்டும் பொறுக்கிப் போட்டபடி, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி இரண்டு வார்த்தை பேசுவார். ஒரு திருகாணி சரியாக உட்கார்ந்தால் நன்றி. கதவு உருளை மக்கர் செய்தால் கொஞ்சம் முணுமுணுப்பு. சாராயக் கடை வழியாக வீட்டுக்குப் போகிற நாளில் "இன்னைக்குக் கொஞ்சம் கூடவே வாரும்" என்று ஒரு விண்ணப்பம். அண்ணனுடைய இருபது நிமிடத்தில் வராத ஏதோ ஒன்று இந்த இரண்டு வார்த்தையில் வந்தது. மனிதர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மகள் வந்தாள்.

பத்தொன்பது வயது. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள் என்பதால் அப்பாவுக்கு அவள் சுண்டு. அம்மாவிடம் வளர்ந்தவள். கோடை காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். நாலு வயதில் கொதிக்கிற வெந்நீர் கொட்டியது. ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்து, சீருடை அரைக்கை என்று தெரிந்தவுடன் நழுவிப் போனது. வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். உன் கவனக்குறைவால்தானே, உன் கையால்தானே என்று கேட்டாள். அம்மா பதில் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்கு ஒப்புதலாகப் பட்டது. மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்துவிட்டாள். இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலையும் கிடைத்தது. தூரத்தில் இருக்கிற அப்பாவுக்கு இந்த ஒரு வசதி உண்டு. கூட இருந்து வளர்த்தவளுக்குக் கெட்ட பெயர், எப்போதாவது பொம்மை வாங்கி வந்தவருக்கு நல்ல பெயர்.

வெந்நீரைக் கொட்டியது அம்மா இல்லை. அப்பா.

குளிக்க வைத்திருந்த தண்ணீர். அவர் காலையிலேயே குடித்திருந்தார். நான் தூக்குறேன் என்று வீம்பாகத் தூக்கினார், கால் பின்னியது, குழந்தை பக்கத்தில் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று அதட்டிக் கேட்டபோது மனைவி தன் தலையில் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், புருஷன் வேலை போகும் என்ற பயம். அந்த ஒரு நாளைக்கென்று சொன்ன பொய் பதினைந்து வருடம் நின்றுவிட்டது. அண்ணன் வாசலில் வந்து விழுந்த வாரத்தில், முழங்காலில் நின்று, இதையும் சேர்த்து எல்லாவற்றையும் அண்ணனிடம் அறிக்கை செய்தார் லிப்ட்காரர். உலகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர். நாலாவதாக ஆண்டவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மகள் வந்து இறங்கிய அன்றே அண்ணனைத் தனியாகப் பிடித்தார்.

"அண்ணா, அந்த வெந்நீர் விஷயம் மட்டும் ஜெபத்துல வேண்டாம். நானே அவகிட்ட சொல்றேன்."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லிடணும்டா. அவ அம்மாவை என்ன பேச்சு பேசுறா, கேட்டியா? ஒரு மாசம் டைம் தர்றேன்."

"அதுக்குள்ள சொல்லிடுவேன்."

அன்றிலிருந்து குழிக்குள் இறங்கும்போதெல்லாம் ஒரே விண்ணப்பம். "ஆண்டவரே, அவகிட்ட சொல்லத் தைரியம் குடும்." உருக்கமாகத்தான் கேட்டார், சில நாள் கண்ணீரோடு. கேட்டு முடித்ததும் நெஞ்சு லேசாகிவிடும். ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்த களைப்பும் நிம்மதியும் வரும். மேலே ஏறி, கைகழுவி, மாலை வீட்டுக்குப் போனால் மகள் சிரித்துக்கொண்டே தேநீர் கொண்டுவந்து வைப்பாள். பதினைந்து வருடம் காணாத சிரிப்பு. அதைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஞாயிறு வரும், போகும். ஞாயிற்றுக்கிழமைக்கென்ன பஞ்சமா?

இதற்கிடையில் அவருக்கு அவள் சீடப்பிள்ளை ஆகிவிட்டாள். அதுதான் கொடுமை. பெரியப்பாவின் இருபது நிமிடத்தில் அவளுக்கு முழங்கால் மரத்துப்போகும். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள், "அப்பா, நீங்க எப்படி ஜெபம் பண்ணுவீங்க?" லிப்ட்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே குழிக்கதையைச் சொன்னார். வேலைக்கு நடுவுல ரெண்டு வார்த்தை போதும்மா, உண்மையா இருந்தா சரி என்றார். உண்மையா என்ற சொல் வாயில் வந்தபோது நாக்கு சுடவில்லை, அதுதான் ஆச்சரியம். அவளும் மருந்துக்கடையில் அலமாரிக்குப் பின்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிப் பழகினாள். எரிந்து விழுகிற முதலாளியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்றாள். சிறு வயதிலிருந்து சபைக்குப் போய் வந்த பெண்ணுக்கு இப்போதுதான் ஆண்டவர் காது கேட்கிற தூரத்தில் இருப்பதாகப் பட்டது. அந்தப் பூரிப்பில் இருந்து அடுத்த ஆசை பிறந்தது.

"அப்பா, அம்மாவை மன்னிக்கணும்னு ஜெபம் பண்ணப் போறேன். தனியா பண்ணினா வர மாட்டேங்குது, கோவம்தான் வருது. நீங்களும் கூட இருங்க."

இரண்டு பேரும் அவளுடைய கட்டிலோரமாக முழங்கால் போட்டார்கள். "ஆண்டவரே, எங்கம்மா எனக்குச் செஞ்சதை மறக்க உதவி பண்ணும்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். லிப்ட்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இப்போது, இந்த நிமிடம், வாயைத் திறந்தால் போதும். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறந்தார். ஆமென் என்றார்.

ஒரு தடவை இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அண்ணன் கொடுத்த ஒரு மாதம் போய், இன்னொரு மாதமும் போய், பதினோராவது வாரம் புதன்கிழமை மாலை மூப்பர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. போதகரும் சபையார் பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் யாராவது ஜெபிக்கலாம் என்று போதகர் சொன்னதும் சுண்டு வாய் திறந்தாள். சட்டைக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சொல்லாமல், என்னைக் காயப்படுத்தின ஒருத்தரை மன்னிக்க எனக்கு மனசு கொடும் என்று கேட்டாள். நாலே வரி. அறையில் மூக்கை உறிஞ்சாதவர்கள் இல்லை.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இப்படி ஜெபிக்க யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்கப்பா" என்றாள் சுண்டு.

எல்லோரும் லிப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். வரும் மாதம் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் அவர் தோளைத் தட்டினார். மூப்பர் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த முன்னறையில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். யாரும் எதையும் அவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னதில்லை. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரிந்த அண்ணி மட்டும் தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நாலு பேரும் முழங்கால் போட்டார்கள். பாட்டு முடிந்தது, அதிகாரம் முடிந்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"பரிசுத்தமுள்ள தகப்பனே, சாக்கடையில் கிடந்த இந்தத் தம்பியைத் தூக்கினீரே, உமக்கு ஸ்தோத்திரம். குடிவெறியில் தன் சொந்தப் பிள்ளையின் கையில் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டின இந்தக் கைகளை நீர் கழுவினீரே, உமக்கு ஸ்தோத்திரம். அந்தப் பழியைப் பதினைந்து வருஷமாகத் தன்மேல் சுமக்கிற இவனுடைய மனைவியை நினைத்தருளும். எதுவும் தெரியாமல் தாயைப் பகைக்கிற இந்தப் பிள்ளையின் கண்களைத் திறந்தருளும்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. தபாலில் வந்த கடிதத்தைப் படிப்பது போல ஒரே சீராக இருந்தது. குடிவெறியில் என்ற சொல் வந்தபோதே லிப்ட்காரருக்கு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு இருமல் இருமியிருக்கலாம். அண்ணா நிறுத்துங்க என்று கத்தியிருக்கலாம், எழுந்து போய் அவர் வாயைப் பொத்தியிருக்கலாம். ஆனால் ஜெபத்துக்குக் குறுக்கே எப்படிப் பேசுவது? உலகமே இடிந்து விழுகிற நேரத்தில் அவருக்கு அந்த மரியாதைதான் ஞாபகம் வந்தது. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

சுண்டு ஏற்கெனவே கண்ணைத் திறந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பியிருந்த அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூப்பர் அதோடு முடிக்கவில்லை. வியாதியஸ்தர்களுக்காக ஜெபித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, சபைக் கட்டடத்தின் ஒழுகுகிற கூரைக்காக, ஆட்சி செய்கிறவர்களுக்காக, தூர தேசத்து ஊழியர்களுக்காக ஜெபித்தார். முழுதாக எட்டு நிமிடம். அப்பாவும் மகளும் இரண்டடி தூரத்தில் கண் திறந்தபடி முழங்காலில் நின்றார்கள். எழுந்திருக்க ஒருவருக்கும் வரவில்லை. கடைசியில் மூப்பர் ஆமென் என்றார். அண்ணி முனகலாக ஆமென் என்றாள். பழக்கதோஷம், லிப்ட்காரர் வாயும் ஆமென் என்றது.

சுண்டு எழுந்து தன் அறைக்குப் போனாள்.

"ஏண்ணா?" என்றார் லிப்ட்காரர்.

"ஒரு மாசம் டைம் குடுத்தேன். பதினோரு வாரம் ஆச்சு." மூப்பர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தார். "நேத்து அந்தப் புள்ள ஜெபிச்சதைக் கேட்டுட்டு எனக்குத் தூக்கமே வரல. நீ எப்படிடா அதுக்கு ஆமென் சொன்ன? விடு, இப்போ பாரம் இறங்கிடுச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு."

சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் விருந்து சாப்பிட்டு எழுந்தவர் முகம் போல அவர் முகம் நிறைந்திருந்தது. அந்த நிறைவை லிப்ட்காரர் சாகிற வரைக்கும் மன்னிக்கப்போவதில்லை. நியாயத்தை மறுக்கவும் முடியப்போவதில்லை.

அறையில் மகள் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"உண்மையா?"

"ஆமாம்மா."

"அம்மா ஏன் அவங்கதான்னு சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க. நான் நிக்கிற நிலையில இல்ல. போலீசுக்குப் போயிடும்னு பயந்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் அப்படியே ஆயிடுச்சு."

"அப்படியே ஆயிடுச்சு" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். பதினோரு வாரத்தில் முதல் தடவை. இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள். சுண்டு அம்மா என்றாள். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னடி, கை இழுக்குதா? குளிர்காலம் வந்தாச்சே. எண்ணெய் தேய்க்கிறியா இல்லியா?"

சுண்டு கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். லிப்ட்காரருக்கு அங்கே நிற்க யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் நின்றார்.

பஸ் நிறுத்தம் தெருமுனையில்தான். பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவர் இரண்டடி பின்னால் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் நின்ற நிறுத்தத்தில் அவர்களும் போய் நின்றார்கள்.

"நான் சொல்றதாத்தான் இருந்தேன் சுண்டு. இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

"எத்தனை ஞாயிறுப்பா போச்சு?"

எண்ணிக்கை இரண்டு பேருக்கும் தெரியும்.

"அம்மாவை மன்னிக்கணும்னு உங்க பக்கத்துல முட்டி போட்டு ஜெபிச்சேன். நீங்க ஆமென் சொன்னீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணி, அப்பாவும் மகளும் ஏதோ வீட்டுச் சாமான் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். "எங்கம்மா தப்பே பண்ணல. அவங்களை மன்னிக்க எனக்குப் பெரிய மனசு வேணும்னு ஊரைக் கூட்டி வச்சுக் கேட்டிருக்கேன். இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு ஜெபம் பண்ணுவேன்?"

அவளுக்கு அவர் கொடுத்த ஒரே சொத்து அந்த இரண்டு வார்த்தை ஜெபம்தான். அதையும் கெடுத்துத்தான் கொடுத்திருக்கிறார். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சொல்ல ஏதாவது வேண்டும், அவள் ஏறுவதற்குள் வேண்டும். தன் கணக்கில் மிச்சம் இருந்த ஒரே நல்லதைத் தேடி எடுத்தார்.

"நம்பு சுண்டு, நான் சும்மா இருந்துடல. நீ வந்த நாள்லேர்ந்து ஜெபம் பண்ணிட்டுதான் இருந்தேன். உன்கிட்ட சொல்லத் தைரியம் வேணும்னு தினமும் கேட்டேன். அழுது கேட்டேன்."

"தினமுமா?"

"தினமும். ஒரு நாள் விட்டதில்ல."

சுண்டு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில்.

"நான் நெனச்சேன், பாதி நாள் உங்களுக்கு அது ஞாபகமே வந்திருக்காதுன்னு. வர்ற வழியெல்லாம் அப்படித்தான் சமாதானம் பண்ணிட்டு வந்தேன். அப்போ தினமும் ஞாபகம் இருந்திருக்கு."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். கதவு மூடி, பஸ் கிளம்பி, அடுத்த பஸ்ஸும் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. லிப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்று யோசித்துப் பார்த்தார். ஆமாம், ஒரு நாள்கூட மறந்ததில்லை. இத்தனை நாளும் அதைத்தான் அவர் தன்னுடைய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.